சம்பந்தியம்மாவுக்காக எழுதிய பதினோரு வாக்கியங்கள்

சம்பந்தியம்மா சங்கரா மீனின் நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு சதையை விரலால் அழுத்தி, சின்ன முள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, நிவேதாவின் சோற்றின் மேல் வைத்தார். அவள் அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த துண்டு வந்து விழுந்தது.

மாமல்லபுரத்தில் குப்பத்தை ஒட்டிய ஒரு சாப்பாட்டுக் கடை. மேலே கீற்று, கீழே மணல், நடுவில் நான்கு பிளாஸ்டிக் மேஜைகள். மதியம் ஒன்றே முக்கால் மணி. நிவேதா என் ஒரே மகள்; அப்போது ஏழு மாதம். அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய மாமியார். பேறுகாலத்துக்குத் துணையாகக் கொரியாவிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எதிரே நான். கொரியரான மாப்பிள்ளைக்கு அன்று தொழிற்சாலையில் வேலை.

என் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் பதினோரு கொரிய வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். காலடியில் ஒரு துணிப்பை. அதற்குள் எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, ஆறு மாதுளை, ஒரு முழம் மல்லிகை, சம்பந்தியம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை.

சாப்பாடு முடிந்ததும் தட்டை இரண்டு கையாலும் நீட்டி, பதினோரு வாக்கியங்களையும் சொல்ல வேண்டும். வளைகாப்பு முடிந்த கையோடு என் மகளைத் தலைப்பிரசவத்துக்குச் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள் என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் எட்டு மாதம் படித்திருந்தேன். நிவேதா கருவுறுவதற்கு முன்பே, சம்பந்தியம்மாவிடம் போனில் இரண்டு வார்த்தை பேசலாமே என்று தொடங்கிய படிப்பு, பிறகு இந்த ஒரு வேலைக்கென்றே ஆகிவிட்டது.

எனக்குக் கொரிய மொழி கொஞ்சம் தெரியும் என்பது அந்த மேஜையில் இருந்த மற்ற இருவருக்கும் தெரியாது.

கடைக்கார அம்மாள் குழம்புக் கிண்ணத்தோடு வந்து என் காதருகே குனிந்தார்.

"அண்ணாத்த, அந்தம்மாவுக்குக் காரம் ஆவுமா? இல்ல தயிர் கொண்டாரட்டா?"

"ஆகும், போடுங்க."

"நானும் பாத்துகினே கீறேன். மொளகாய அப்படியே கடிச்சி துன்னுது. நம்ம ஜனமே இப்டி துன்னாது."

சம்பந்தியம்மா தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து, இன்னொரு பச்சை மிளகாயை எடுத்துக் காட்டிச் சிரித்தார்.

அறை தயாராக இருந்தது

வசந்தாவைப் பற்றி முன் வாரங்களில் எழுதியிருக்கிறேன். இன்றுதான் இந்தப் பக்கத்தைத் திறப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வசந்தா என் மனைவி. நிவேதாவின் திருமணத்துக்கு ஏழு மாதம் முன்பு காலமானாள்.

வசந்தாவுக்கு ஒரு பழக்கம். பேச்சை 'அதனால' என்று தொடங்குவாள். அதற்கு முன் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, "அதனால நாளைக்கு நாம போக வேணாம்" என்பாள். எதனால், எங்கே என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். காரணங்களையெல்லாம் அவள் அடுப்போடு பேசி முடித்திருப்பாள். நான் எதையும் வரிசையாகச் சொல்பவன். ரயில்வேயில் பெட்டிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் இருபத்தொன்பது வருடம் ஆகிறது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் இணைப்பைப் பார்க்காமல் வண்டியை அனுப்பியதில்லை. இணைப்பில்லாமல் பேசும் ஒருத்தியோடு எப்படி இருபத்தேழு வருடம் ஓடியது என்று தெரியவில்லை. ஓடியது.

நிவேதா செய்தி சொன்ன அன்றே நான் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் செய்ய வேண்டியவற்றை எழுதத் தொடங்கினேன். முன்னறையின் ஜன்னலுக்குக் கொசுவலை. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வசந்தாவின் பழைய நூல் புடவைகளில் மிருதுவான நான்கைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, சதுரமாக வெட்டி ஓரம் அடித்தேன். பிள்ளைத் துணி இருபத்து நான்கு வந்தது. பத்தியச் சமையலை வசந்தாவின் தங்கையிடம் போனில் கேட்டு ஒன்பது பக்கம் எழுதினேன். பூண்டுக் குழம்பை மட்டும் ஏழு முறை வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது முறையிலிருந்து சரியாக வந்தது.

ஐந்தாம் மாதம் நிவேதாவிடம் கேட்டேன்.

"வளைகாப்பு முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடுறியாம்மா?"



"அத்தை விட மாட்டாங்கப்பா. அவங்களே வந்து பாத்துக்கறேன்னு டிக்கெட் போட்டுட்டாங்க."

"கேட்டியா?"

"கேட்டேம்பா. வேணாம்னுட்டாங்க."

நான் அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் இதைப் பெண் கேட்பதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் தட்டோடு போய்ப் பிள்ளையைப் பெற்றவர்களிடம் கேட்க வேண்டும். அவளையே மொழிபெயர்க்கச் சொல்லி, அவளையே அனுப்பும்படி கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முறையாக, நேரில், என் வாயால் கேட்டால் அந்த அம்மாள் மறுக்க மாட்டார் என்று நம்பினேன்.

செராக்ஸ் கடை மாடி

கொரிய மொழி படிக்கப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயதில் தோற்றுப்போனால் அது எனக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் யோகா வகுப்பு என்று நிவேதாவிடம் சொல்லி வைத்தேன்.

பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு செராக்ஸ் கடையின் மாடியில் வகுப்பு. ஆசிரியை எஸ்தருக்கு இருபத்தாறு வயது. செய்யூர் பக்கம். அப்பா அம்மா கடலைக் கொல்லையில் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்த பெண். இப்போது ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். 'அப்பா' என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்று என்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. என் கவனமெல்லாம் வினைச்சொற்களின் வால்களில் இருந்தது.

பள்ளியில் ஆங்கிலம் படித்தபோது என்னைத் திணறடித்தது இந்த விஷயம்தான். அங்கே 'ஏனென்றால்', 'ஒருவேளை' எல்லாம் வாக்கியத்தின் முன்னால் வந்து நின்றுகொள்ளும். தமிழில் அவை வினையின் பின்னால் தொங்குகின்றன. வந்தால், வந்தாலும், வருவதால், வந்துகொண்டே. கொரிய மொழியிலும் அப்படியே. ஒம்யொன் என்றால் வந்தால். வாதோ என்றால் வந்தாலும். ஒனிக்கா என்றால் வருவதால். ஒம்யொன்சொ என்றால் வந்துகொண்டே. வாலைக் கழற்றி வேறு வாலை மாட்டினால் வாக்கியம் வேறு பக்கம் திரும்பும். நான் கட்டம் போட்ட நோட்டில் குறுக்கே வால்களையும் நெடுக்கே வினைகளையும் எழுதினேன். மூன்றாம் மாதத்தில் நாற்பது வரிசை ஆகியிருந்தது.

எஸ்தர் அதைப் பார்த்துவிட்டுக் கையை இடுப்பில் வைத்தாள்.

"இன்னா சார் இது, ரயில்வே டைம் டேபிளா?"

"ஞாபகத்துக்காகம்மா."

"அவங்க பேசசொல்ல நீங்க நோட்டத் தொறந்துகினு இருப்பீங்களா? மூடுங்க சார். காதத் தொறங்க."

அவளுடைய முறை வேறு. தொழிற்சாலையில் பதிவு செய்த சாதாரணப் பேச்சைப் போனில் ஓடவிடுவாள். பாதிச் சொல் எங்களுக்குத் தெரியாது. "பேரு புரியலன்னா வுட்டுடுங்க. ஜாயிண்ட்ட மட்டும் புடிங்க. ஜாயிண்ட்டு கெடச்சா வண்டி எந்தப் பக்கம் போவுதுன்னு தெரிஞ்சிடும்" என்பாள். இணைப்பைத் தட்டிப் பார்த்தே வயிறு வளர்த்தவனுக்கு இது புரியாதா.

ஒரு வால் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 'உந்தே' என்று முடியும். "போகணும்னுதான் இருக்கு, ஆனா" என்கிற மாதிரி. அதற்குமேல் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். வாக்கியத்தை முடிக்காமல் விடுவது எனக்கு அலமாரிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவது போல இருந்தது.

"மீதி எங்கம்மா?" என்று கேட்டேன்.

"மீதி உங்க கிட்ட கீது சார். பாதில வுட்டுட்டு உங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க. நீங்கதான் புரிஞ்சிக்கணும்."

பதினோரு வாக்கியங்களை எழுத உதவியதும் எஸ்தர்தான். பிறந்த வீட்டுக்குக் கொரிய மொழியில் 'சின்ஜொங்' என்று ஒரு தனிச் சொல் இருப்பதை அப்போதுதான் அறிந்தேன். "அங்கியும் பிள்ளப்பேறுக்கு அம்மா வூட்டுக்குப் போற பழக்கம் இருக்கு சார். அந்தம்மாவுக்குச் சொன்னா புரியும்" என்றாள். அன்று வீட்டுக்கு நடந்து போகையில் எனக்குக் கால் தரையில் படவில்லை. வழக்கம் ஒன்றே என்றால் மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

மேஜையின் எதிர்ப்பக்கம்

கடைக்கார அம்மாள் ரசம் வைத்துவிட்டுப் போனார். நான் கடலைப் பார்த்தபடி முதல் வாக்கியத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எதிரே இருவரும் தணிந்த குரலில் கொரிய மொழியில் பேசினார்கள்; நிவேதா அதைக் கல்யாணத்துக்கு முன்பே கற்றிருந்தாள். நான் பக்கத்தில் இருக்கும்போது அவர்கள் எப்போதும் சாதாரணமாகப் பேசுவார்கள். எனக்குப் புரியாது என்பதால் எனக்கு மறைத்துப் பேச வேண்டியதில்லை. அன்று 'அப்பா' என்ற சொல் காதில் விழுந்தது. காது தானாகத் திரும்பியது. கண்ணைக் கடலிலேயே வைத்திருந்தேன்.

சம்பந்தியம்மா, அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

முடியவில்லை என்றாள் நிவேதா.

அடுத்து வந்தது சின்ஜொங் என்ற சொல். பிறகு, 'காதோ த்வே'. போனாலும் சரி, அதாவது போகலாம். சின்ஜொங்குக்குப் போக ஆசைப்பட்டால் நீ போகலாம், போகாதே என்று நான் எப்போது சொன்னேன் என்று கேட்டார் சம்பந்தியம்மா.

என் கையில் இருந்த சோறு கையிலேயே இருந்தது.

"காகோ ஷிப்புந்தே" என்றாள் என் மகள். போகணும்னுதான் இருக்கு, ஆனா. அவள் அங்கே நிறுத்தினாள். சம்பந்தியம்மா அவள் முகத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

பிறகு அவள் தொடர்ந்தாள். சில சொற்கள் எனக்குத் தெரியவில்லை. இணைப்புகள் எல்லாம் தெரிந்தன. அம்மா இல்லாததால். நான் போனால். அப்பாவே சமைத்து, அப்பாவே துவைத்து, தூங்காமல். அப்புறம், நான் அழுதால், அப்பாவும் அழுவார்.

'அம்மா இல்லாததால்.' அதைத்தான் அன்று இரவு நாட்குறிப்பில் முதலில் எழுதினேன். வசந்தா போய் மூன்று வருடத்தில் நிவேதா என்னிடம் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை. நானும் அவளிடம் சொன்னதில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் தமிழில் அந்த இடம் வந்தால் பேச்சைச் சுற்றிக்கொண்டு போய்விடுவோம். இங்கே, ஒரு மீன் கடையில், வேறு மொழியில், அவள் அதை முடித்தே சொன்னாள்.

சம்பந்தியம்மா இன்னொரு துண்டு மீனை அவள் சோற்றில் வைத்தார்.

"ஆக, கெட்டவள் நான்தானா?"

"மன்னிச்சிடுங்க, அத்தை."

"பரவாயில்லை. நானே இருந்துவிட்டுப் போகிறேன். நீ சாப்பிடு."

கை கழுவும் இடம்

எழுந்து கை கழுவப் போனேன். கழுவிய கையை மறுபடியும் கழுவினேன். பக்கத்துப் பட்டறையில் யாரோ கல் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

என்னிடம் இரண்டு வழி இருந்தது. பதினோரு வாக்கியங்களையும் திட்டமிட்டபடி சொல்லலாம். சம்பந்தியம்மா நிவேதாவைக் காப்பாற்ற முகத்தை மாற்றிக்கொண்டு மறுப்பார். செய்யாத தவறுக்கு அவரே என் முன்னால் தலைகுனிவார். அல்லது ஒன்றும் சொல்லாமல், தட்டை வெளியே எடுக்காமல் பஸ் ஏறலாம். அப்போது நிவேதா சொன்ன சின்னப் பொய் அப்படியே இருக்கும். நானும் சம்பந்தியம்மாவைப் பற்றி அந்தப் பொய்யையே நம்புவது போல நடந்துகொள்ள வேண்டியிருக்கும்.

கொசுவலை, கம்பி, இருபத்து நான்கு துணி என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தேன். அந்த வீட்டில் அவள் காலை வைத்ததும் தேடப்போவது இவற்றில் எதையும் அல்ல என்று மட்டும் எனக்குத் தோன்றியதில்லை.

திரும்பி வந்தேன். மேஜையைத் துடைத்திருந்தார்கள். தாளை எடுக்கவில்லை. தட்டை எடுத்து அடுக்கி, இரண்டு கையாலும் சம்பந்தியம்மாவின் முன் நீட்டினேன்.

"சாபுயின்" என்றேன். கொரிய மொழியில் சம்பந்தியம்மாவை மரியாதையாக அழைக்கும் சொல்.

நிவேதாவின் கை தண்ணீர் டம்ளரோடு பாதியில் நின்றது.

எழுதி வைக்காத வாக்கியத்தை நான் அதற்கு முன் கொரிய மொழியில் சொன்னதில்லை. மெதுவாகச் சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினேன். வீட்டில் அம்மா இல்லாததால், நிவேதா உங்கள் பக்கத்தில் இருந்தால் என் மனத்துக்கு நிம்மதி. தயவு செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு இடுப்பு வரை குனிந்தார். நானும் குனிந்தேன். கடைக்கார அம்மாள் ரசப் பாத்திரத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

"எப்பலேர்ந்துப்பா?" என்றாள் நிவேதா.

"எட்டு மாசமா."

"யோகா?"

"யோகா இல்லம்மா."

"அப்ப நாங்க பேசினது?"

"பாதிதான் புரிஞ்சுது."

"எந்தப் பாதி?"

 அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவள் பக்கம் நகர்ந்தேன். துப்பட்டாவை விலக்கினபோது சிரிப்பும் இருந்தது.

"யோகா பண்ணி முதுகு வலி போயிடுச்சுன்னு வேற சொன்னீங்களேப்பா."

சம்பந்தியம்மாவின் முகம் சிவந்திருந்தது. கெட்டவள் என்று பேசியதும் என் காதில் விழுந்திருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் நேராக, மிக மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: படூரில் நாங்கள் இருக்கும் வீட்டில் மூன்று அறை இருக்கிறது. நிவேதா வரவில்லை என்றால், நீங்கள் வாருங்கள்.

எங்கள் வீட்டில் பெண் கொடுத்த இடத்தில் பெண்ணின் அப்பா இரவு தங்குவதில்லை. என் அப்பா தங்கியதில்லை, என் மாமனாரும் தங்கியதில்லை. நானும் படூருக்கு எத்தனை முறை போனாலும் மாலையில் பஸ் ஏறிவிடுவேன். இதைச் சொல்ல என்னிடம் கொரிய மொழி இல்லை.

"நீயே சொல்லும்மா, நம்ம பழக்கத்த."

"மாட்டேன். நீங்கதான் பேசுறீங்களே, நீங்களே சொல்லுங்க."

'ஏனென்றால்' என்று தொடங்கினேன். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் வைக்க ஒரு காரணத்தைத் தேடினேன். கொரிய மொழியில் கிடைக்கவில்லை. தமிழில் தேடினேன். அதிலும் கிடைக்கவில்லை.

"சரி" என்றேன்.

படூர், மூன்றாவது அறை

குழந்தை பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெண். நாற்பது நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒன்பது பக்கத்தையும் துணிகளையும் பையில் போட்டுக்கொண்டு படூருக்குப் போனேன். அடுப்பு ஒன்றில் சம்பந்தியம்மாவின் கடற்பாசிச் சூப்பு கொதிக்கும், மற்றொன்றில் என் பூண்டுக் குழம்பு. நிவேதா இரண்டையும் சாப்பிட வேண்டியிருந்தது. முதல் வாரம் நானும் சம்பந்தியம்மாவும் உப்பைப் பற்றி மட்டும் பேசினோம். என் வால்கள் பல நேரம் தப்பாக விழுந்தன. அவர் திருத்தாமல் புரிந்துகொண்டார்.

பன்னிரண்டாம் நாள் மதியம். சம்பந்தியம்மா குழந்தையைக் காலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் துணியோடு நின்றேன். நிவேதா கதவோரம் நாற்காலியில் இருந்தாள். குழந்தை வீறிட்டது. நிவேதா எங்கோ பார்த்தபடி, தமிழில் கேட்டாள்.

"அம்மா இருந்திருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பாப்பா?"

பேச்சு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. சுற்றிக்கொண்டு போக நான் வழி தேடவில்லை.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, துணிய இங்க குடுத்துட்டு அந்தாண்ட போன்னு என்னைச் சொல்லியிருப்பா."

"உங்களத்தானே."

"என்னைத்தான்."

"அப்புறம்?"

குழந்தையைத் துணியில் வாங்கிக்கொண்டேன். அழுகை நின்றிருந்தது. நிவேதா நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அப்புறம் சொல்லுங்கப்பா" என்றாள். சொல்லத் தொடங்கினேன்.